படக்கதைக்கு வந்த சாமிகள்

மல்லிகார்ஜுனகிரி என்ற பெயர்தான் மருவி மல்காஜ்கிரி ஆயிற்று என்பார்கள். ஊர்ப் பெயரிலேயே சிவபெருமான் இருக்கிறார். ஆனால் லாலாகூடா பணிமனைக்கும் செகந்திராபாத் அலுவலகங்களுக்கும் போய்வரும் நம்மவர் பிள்ளைகளுக்குச் சாமி கதை சொல்லப் பாட்டி பக்கத்தில் இல்லை. அவள் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறாள். பாட்டி இல்லாத குறையைப் பல வீடுகளில் படக்கதைதான் தீர்த்தது.

மேல்நாட்டுப் படக்கதைகளில் கடவுளர் வெகு சீக்கிரமே நுழைந்துவிட்டனர். 1940-ல் வந்த ‘காப்டன் மார்வல்’ கதையில் பில்லி என்ற சிறுவன் ‘ஷஜாம்’ என்று கூவுவான். உடனே இடி இடிக்கும், பையன் மாவீரனாகிவிடுவான்! சாலமோன், ஹெர்குலிஸ், அட்லஸ், ஜூஸ், அக்கிலிஸ், மெர்க்குரி ஆகிய ஆறு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த மந்திரம் அது. 1962-ல் வந்த ‘தோர்’ கதையில், கால் ஊனமுற்ற டாக்டர் ஒருவர் குகையில் கிடைத்த தடியைத் தட்டியதும் இடித் தேவனாகிறார்.

அந்தத் தேவர்களுக்கு இன்று வீடுதோறும் விளக்கேற்றுவார் இல்லை. ஓவியர் எப்படி வரைந்தாலும் கேட்பார் இல்லை. நம் சாமிகள் அப்படியா? காலையில் கும்பிட்ட முகத்தை மாலையில் கட்டத்துக்குள் பார்க்க வேண்டுமே!

ராமனின் தாயார் யார்?

இந்தச் சங்கடம் அனந்த பைக்கு நன்றாகத் தெரியும். கர்நாடகத்துக் கார்க்களாவில் 1929-ல் பிறந்தவர். முகமூடி வீரர் வேதாளன் கதைகளை வெளியிட்ட ‘இந்திரஜால் காமிக்ஸ்’ வேலையில் இருந்தவர். 1967-ல் தில்லி டெலிவிஷனில் ஒரு வினா-விடைப் போட்டி பார்த்தார். கிரேக்கத் தேவர்களைப் பற்றிய கேள்விக்கு மாணவர்கள் சட்டென்று பதில் சொன்னார்கள். ராமனின் தாயார் பெயரைக் கேட்டதும் விழித்தார்கள்!

அதிலிருந்து பிறந்ததுதான் ‘அமர் சித்ர கதா’. 1969-ல் ராம் வயீர்கர் படம் வரைய, ‘கிருஷ்ணா’ வந்தது. வரிசையில் அது 11-வது எண். முதல் பத்தும் மேல்நாட்டுத் தேவதைக் கதைகள். படித்த பெற்றோர் அற்புதங்களை ஏற்பார்களோ என்ற தயக்கத்தில், கோவர்த்தன மலையைத் தூக்கும் காட்சியை அனந்த பை முதலில் விட்டுவிட்டார். மலையைத் தூக்காத கண்ணன் என்ன கண்ணன்! பின்னால் வந்த பதிப்பில் அதைச் சேர்த்தார். பறக்கும் மனிதனை ஏற்றுக்கொண்ட பிள்ளைக்குக் குடைபிடிக்கும் கண்ணனா கசக்கும்?

நம் தேவைக்கு இன்னும் நெருக்கமானது ‘அம்புலிமாமா’. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் சென்னையில் தொடங்கியது. தெலுங்கில் அதுவே ‘சந்தமாமா’. படம் ஒன்று, எழுத்து மட்டும் வேறு. பள்ளியில் தெலுங்கு படிக்கும் பிள்ளை ஒன்றையும், தமிழ் மட்டும் தெரிந்த தாய் மற்றொன்றையும் மடியில் வைத்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே அனுமார்தான்.

இரண்டும் இப்போது அச்சில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பேரம் பேசி வாங்குங்கள்.