வெறும்பாறையின் முதற்குடிகள்

பவள உயிரிகளை வளர்ப்பதற்கெனப் புதிதாக அமைக்கப்படும் கடல்நீர்த் தொட்டி, தொடக்க மாதங்களில் பாசியின் ஆட்சிக்கு உட்படுவது ஏறக்குறைய உறுதி. வெண்மணலின்மேல் பழுப்புப் படலம் படரும். அடுத்துச் செங்கருநிற விரிப்பொன்று மணலைப் போர்த்தும். பின்னர்ப் பச்சை நூல்கள் பாறையெங்கும் நீண்டு நீரோட்டத்தில் அலையும். ஆவலோடு தொட்டி அமைத்தவர் இதைக் கண்டு மனம் தளர்வதும், பாசிக்கொல்லி மருந்துகளை நாடுவதும் இயல்பே. ஆயினும் இப்பாசிகளின் வரவை நோயெனக் கொள்ளுதல் தகாது. முதிராத உயிர்ச்சூழல் ஒன்று முதிர்ச்சியை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த படிகள் இவை. பாசி பற்றிய இடத்தில் அவ்விடத்திற்குரிய வேறு உயிர்களைக் குடியமர்த்துவதே நிலைத்த தீர்வு என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

படிமுறைக் குடியேற்றம்

தரிசு நிலத்தில் முதலில் முளைப்பது களையே. புதுத் தொட்டியிலும் நிகழ்வது அதுவே. கழுவி உலர்த்திய பாறையும் புதுமணலும் உயிரற்ற வெறும்பரப்புகள். ஒளி உண்டு, நீரில் ஊட்டம் உண்டு, இடத்திற்குப் போட்டியிடுவாரும் மேய்வாரும் இல்லை. விரைந்து பெருகவல்ல சிற்றுயிர்கள் அங்கே முதற்குடிகளாகின்றன.

முதலில் வருவன டயாட்டம் எனப்படும் ஒற்றை உயிரணுப் பாசிகள். கண்ணாடியை ஒத்த சிலிக்காவால் தம் ஓட்டை அமைத்துக்கொள்ளும் இவற்றிற்குக் குழாய்நீரில் கரைந்துள்ளதும் சிலவகை மணலிலிருந்து கரைவதுமான சிலிக்கேட் உணவாகிறது. அது தீர்ந்தவுடன் பழுப்புப் படலம் பெரும்பாலும் தானே மறையும். அடுத்து வருவன நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிரிகள். பெயரளவில் பாசியாயினும் இவை பாக்டீரிய இனத்தவை. புவியின் காற்றில் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர்வளி நிறையக் காரணமான தொன்மைக் குடியினர். இவற்றுட் சில, நீரில் கரைந்த நைட்ரசன் வளியையே உணவாக மாற்றிக்கொள்ளும். ஆகவே நைட்ரேட் குறைந்து பாசுபேட் எஞ்சியுள்ள தொட்டியில் இவை செழிக்கின்றன. இவற்றின் பின்னர்ப் பச்சை நூற்பாசியும், ஒரே உயிரணுவால் ஆன உருண்டைகளாகத் திரளும் குமிழ்ப்பாசியும் தலைகாட்டும்.

இக்காலத்தில் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு குடியேற்றமும் நடக்கிறது. மீன்கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியங்கள் பாறையின் நுண்துளைகளில் நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஊதாநிறச் சுண்ணப்பாசி பாறையைப் போர்த்துவதற்கு மேலும் பல மாதங்கள் செல்லும். பாறையில் அதன் வண்ணம் பரவுவது தொட்டி முதிர்வதன் நல்ல அறிகுறி.

யமேக்கா புகட்டும் பாடம்

மேய்ச்சல் நின்றால் பவளத்திடலுக்கு என்ன நேரும் என்பதைக் கரிபியக் கடல் உலகிற்குக் காட்டியது. 1983-ஆம் ஆண்டு சனவரியில் பனாமாக் கரையோரம் நீண்ட கருமுட்களையுடைய தையடீமா என்னும் கடல்முள்ளெலிகள் மடியத் தொடங்கின. ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்திற்குள் அச்சாவு கரிபியக் கடல் முழுவதும் பரவி, அவ்வினத்தின் பெரும்பகுதியை அழித்தது. யமேக்காத் தீவைச் சூழ்ந்த கடலிலோ மேயும் மீன்கள் மிகைப்பிடிப்பால் முன்னமே அருகியிருந்தன. 1980-இன் பெரும்புயலும் பவளங்களை நொறுக்கியிருந்தது. எஞ்சிய மேய்வோரும் மறைந்தபின் பாசி தடையின்றிப் படர்ந்தது. 1977-இல் அங்குத் திடற்பரப்பில் 52 விழுக்காடாக இருந்த பவளம் 1990-களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சுருங்கிற்று. 4 விழுக்காடாக இருந்த பாசி 92 விழுக்காடாகப் பெருகிற்று. 1994-இல் வெளியான ஆய்வு தரும் இவ்வெண்கள் கடலியலார் நெஞ்சை உலுக்கியவை.

புதுத் தொட்டியும் மேய்வோரற்ற அத்திடலைப் போன்ற நிலையிலேயே தன் வாழ்வைத் தொடங்குகிறது. வேதிப்பொருளை நாடுமுன் மேய்வோரை நாடுக என்பது யமேக்காவின் பாடம்.

உணவுக் கணக்கு

பாசியின் உடலாக மாறும் பொருள் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கடல் நுண்ணுயிர்களின் உடலில் கரி, நைட்ரசன், பாசுபரசு ஆகியவற்றின் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்னும் விகிதத்தில் அமைவதை ஆல்பிரட் ரெட்பீல்டு 20-ஆம் நூற்றாண்டில் எடுத்துரைத்தார். ஒரே ஒரு பாசுபரசு அணுவைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட கரியணுக்களைக் கோத்துப் பாசி உடல் வளர்க்க இயலும் என்பதை இவ்விகிதம் உணர்த்துகிறது. சிற்றளவுப் பாசுபேட்டும் பெரும்பச்சையாக விரிவது இதனால்தான்.

தொட்டியில் இடும் ஒவ்வொரு வேளை உணவும் பாசுபேட்டைச் சேர்க்கிறது. சுண்ணப்பாறை அதைத் தன் பரப்பில் ஈர்த்து வைத்துக்கொண்டு, நீரில் அளவு குறையும்போது மெல்ல வெளிவிடுகிறது. பாறை பச்சை பூத்து நிற்கையில் நீர்ச்சோதனை சுழியம் காட்டுவதும் உண்டு; வரும் ஊட்டத்தைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதே காரணம். ஆதலின் சோதனை எண்ணை மட்டும் நம்பாது, பாசியின் வளர்ச்சியையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

வறுமையும் கேடே

அவ்வாறெனில் ஊட்டத்தை அடியோடு அகற்றிவிடலாமே என்று தோன்றும். இவ்வெண்ணம் ஈடுபாடு மிக்க பலரைப் பெருந்துன்பத்தில் தள்ளியிருக்கிறது. நைட்ரேட்டும் பாசுபேட்டும் சுழியத்தைத் தொட்ட தொட்டிகளில் டைனோபிளாசெல்லேட் என்னும் கசையிழை உயிர்கள் அடிக்கடி பெருகுகின்றன. குமிழிகள் சிக்கிய பழுப்புச் சளியிழைகளாக இவை பாறையிலும் பவளத்திலும் தொங்கும். இவற்றுள் ஆசுட்டிரியாப்சிசு என்னும் இனம் கடும் நஞ்சை ஆக்கவல்லது; மேயும் நத்தைகளையும் அது கொல்லக்கூடும். பவளத்தின் திசுவுக்குள் தங்கி ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவூட்டும் துணையுயிரும் இதே டைனோபிளாசெல்லேட் குலத்தைச் சேர்ந்ததே. பகைவனும் உயிர்த்துணையும் ஒரே குலத்தவராயிருக்க, கண்மூடித்தனமாக நஞ்சிடுதல் எத்துணை இடர் மிக்கது என்பதை எண்ணிப் பார்க்க.

இயற்கைத் திடல்நீரில் கரைந்த ஊட்டம் மிகக் குறைவே. எனினும் அலைதோறும் வந்துசேரும் மிதவையுயிர்கள் பவளத்திற்கு உணவாகின்றன. அவ்வரவு தொட்டிக்கு இல்லை. ஆதலின் பட்டறிவுடையோர் பலர் லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாசுபேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்னும் அளவுகளைப் பேணுகின்றனர். டைனோபிளாசெல்லேட் பெருகிய தொட்டியில் சிலர் சிலிக்கேட்டைத் தாமே சேர்த்து டயாட்டத்தை வளர்த்து அதற்கு எதிராக நிறுத்துகின்றனர். தொடக்கத்தில் தொல்லையெனப்பட்ட டயாட்டமே இங்கு மருந்தாகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, நீரின் தூய்மை. எதிர்ச்சவ்வூடு பரவலாலும் அயனி நீக்கத்தாலும் தூய்மையாக்கிய நீரில் உப்பைக் கரைத்தும், ஆவியான அளவை அதே தூய நீரால் ஈடுசெய்தும் வந்தால் சிலிக்கேட்டும் பாசுபேட்டும் நுழையும் வாயில் அடைபடும்.

இரண்டாவது, கையால் களைதல். நீண்ட நூற்பாசியைப் பறித்தெடுக்கையில் அதன் உடலில் அடங்கிய ஊட்டமும் தொட்டியை விட்டு வெளியேறுகிறது. மருந்தால் கொன்று உள்ளேயே அழுகவிட்டால் அவ்வூட்டம் மீண்டும் நீரில் கலந்து அடுத்த தலைமுறைப் பாசிக்கு உரமாகும்.

மூன்றாவது, மேய்வோர். தொரோக்கசு, தர்போ இன நத்தைகள் படலத்தைச் சுரண்டித் தின்னும்; சிறிய கடல்முள்ளெலிகள் பாறையை ஆழமாக மேயும்; பெரிய தொட்டியில் மஞ்சள் தாங்கு மீன் நாள் முழுதும் கொறிக்கும். பாசி குறுகியிருக்கும்போதே இவற்றைப் படிப்படியாகச் சேர்த்தல் நன்று. நீண்டு முற்றிய பாசியைப் பல உயிர்கள் தீண்டா.

நான்காவது, பாசியைக் கொண்டே பாசியை வெல்லுதல். அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவன ஆய்வாளர் வால்ட்டர் ஏடி, 1980 அளவில் காட்சிக்கு வைத்த பவளத்திடல் தொட்டியில், ஒளியூட்டிய தனித்தளத்தில் பாசிப்புல்லை வளர்த்து அறுவடை செய்து நீரைத் தூய்மையாக்கினார். இன்று பலர் கீழ்த்தொட்டியில் கீட்டோமார்பா என்னும் பச்சைப்பாசியை வளர்த்து அவ்வப்போது வெட்டி நீக்குவதும் அதே கொள்கையே.

பாசுபேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைச் சிறிது சிறிதாகவே பயன்படுத்துக. அளவு சட்டெனச் சரிந்தால் பவளமே முதலில் வாடும். நீலப்பச்சை நுண்ணுயிரியைக் கொல்லும் எரித்ரோமைசின் போன்ற உயிரெதிரிகள், கழிவை மாற்றும் நற்பாக்டீரியங்களுக்கும் ஊறு செய்யக்கூடும். மருந்தை எதிர்க்கும் திறனையும் நுண்ணுயிர்களிடம் வளர்க்கும். அவற்றை இறுதி வழியாகவே கொள்ளல் வேண்டும்.

புதுத் தொட்டி அமைப்போர்க்கு ஒரு வேண்டுகோள். எந்த உயிர் பெருகியுள்ளது என்பதை, இயன்றால் நுண்ணோக்கி கொண்டு, முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதன் விளைவைச் சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள். விலைமிக்க பவளங்களைச் சுண்ணப்பாசி பாறையில் பரவிய பின்னரே வாங்குங்கள். முதலாண்டில் தொட்டிக்கு நீங்கள் தரக்கூடிய சிறந்த மருந்து பொறுமையே.