சரிவு நிலத்தில் மழைநீரை அடக்கும் முறை

பதுளைப் பகுதியில் ஐப்பசி தொடக்கம் தை வரையுமே பெருமழைக் காலமாகும். ஓர் ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,00,000 லீற்றர் நீர் விழுகின்றது. இந்நீர் மண்ணுள் இறங்கினாற் பயிர் வளரும். மேலே ஓடினால் மண் போகும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீற்றர் கனமுள்ள மேன்மண் கரைந்தால் இழப்பு ஏறக்குறைய 5 தொன் ஆகும். வெலிமடைப் பக்கத்து மரக்கறி நிலங்களிற் கரையும் மண், உமா ஓயா வழியே சென்று ரந்தம்பை நீர்த்தேக்கத்திற் படிகின்றது. பள்ளத்து வயல்களின் வாய்க்கால்களும் இவ்வாறே தூர்ந்துபோகின்றன.

வெறுமையான மண்ணில் மழைத்துளி மோதும்போது துகள்கள் சிதறித் துளைகளை அடைத்துவிடும். ஆதலால் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்துக் கூட்டெருவிட்டு, வைக்கோலாலோ புல்லாலோ மூடுதல் வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கும் கான்முறை மரக்கறி நிலத்திற்கும் ஏற்றது. சரிவுக்குக் குறுக்கே மிகச்சிறு சாய்வுடன் கான் வெட்டி, இடையிடையே கரையிலும் தாழ்ந்த மண் தடுப்புக்களை விடுக. சிறுமழை நீர் அவற்றிடையே தங்கி ஊறும். பெருமழை நீர் தடுப்புக்களின் மேலாக வழிந்து, கல் பதித்த பெருங்கானை அடையும். படிந்த வண்டலை வாரி மேற்புறப் பாத்திகளிற் பரப்புக.

முற்றத்து நீருக்கு, அடியிற் கல்லும் மேலே மணலும் கூட்டெருவும் கலந்த மண்ணும் இட்ட குழி அமைத்து வெட்டிவேர் நடலாம். களிமண் மிகுந்தால் நீர் இறங்காது. மிகுநீர் வெளியேற வழி விடுக.

எனினும், நீரை ஊறவிடுதல் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மழையின் பின் மலை சரிந்து லயங்களையும் மக்களையும் புதைத்தது. நீர் மிகுதியாக ஊறிய மண் பாரங்கூடிப் பிடிப்பை இழக்கும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், புதிய ஊற்று, திடீரெனக் கலங்கும் ஊற்று நீர் ஆகியன சரிவின் அறிகுறிகள். அத்தகைய நிலத்திற் குழியோ நீர் தேக்கும் கானோ வெட்டலாகாது. மழைக்கு முன்னரே வெடிப்புக்களைக் களிமண்ணால் மூடி, மேலிருந்து வரும் நீரைப் பக்கமாகத் திருப்புதல் வேண்டும். மழைவேளையில் இவ்வறிகுறிகள் தோன்றின், பயிரையும் பொருளையும் கருதாது குடும்பத்தோடு உடனே வெளியேறிக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.