ஒரு நோயாளிக்கு ஏன் இரண்டு பேருக்குச் சாப்பாடு?





மருத்துவமனையின் வரவு செலவுக் கணக்கை வாசித்த அன்பர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பியுள்ளார்கள். மனநலப் பிரிவில் நோயாளிக்கு ஆகும் செலவு சரி. அவரோடு வந்து தங்கும் தாய்க்கோ கணவனுக்கோ அறையும் சாப்பாடும் ஏன் கொடுக்க வேண்டும்? வியாதியஸ்தருக்கென்று படைத்த காணிக்கை அல்லவா அது? கேள்வி நியாயமானது. மனநோயில் வீட்டாரின் உறவும் மருந்தைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே அதற்கு விடை. எப்படி என்பதை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

கூடாரத்தில் பிறந்த பாடம்

முற்காலத்தில் மனநோய் மருத்துவமனைகளை ஊருக்கு வெளியே, உயர்ந்த மதிலோடு கட்டினார்கள். உறவினர் நோயாளியை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பலர் பிறகு எட்டிப் பார்த்ததே இல்லை. சுகமானவர்களும் போக இடமின்றி உள்ளேயே முதுமை அடைந்தார்கள்.

1950களில் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் இந்த வழக்கத்தை மாற்றினார். மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். நோய் தணிவதை வீட்டார் கண்ணாரக் கண்டார்கள். இது தீராத சாபம் என்று எண்ணி வந்தவர்கள் தைரியமடைந்து, தங்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்.

1957-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. கனடா நாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் அதற்கு வழி வகுத்தார். அங்கேயும் உறவினர் கூடவே தங்குவது சிகிச்சையின் அங்கமாயிற்று. நம்முடைய மனநலப் பிரிவும் அந்த வழியையே பின்பற்றுகிறது.

வீட்டுப் பேச்சின் வல்லமை

இதில் இரக்கம் மட்டும் அல்ல, ஆராய்ச்சியும் உண்டு. மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களில் சிலருக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. காரணம் என்ன என்று 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற அறிஞர் ஆராயத் தொடங்கினார். வீட்டார் நோயாளியைப் பற்றிப் பேசும் விதத்தை அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கூர்ந்து கவனித்தார்கள். ஓயாத குறை கூறுதல், வெறுப்பு, அளவுக்கு மீறிக் கவலைப்பட்டுப் பெரியவரையும் குழந்தையைப் போல் நடத்துதல் ஆகிய மூன்றும் முக்கியமாகத் தென்பட்டன. 1976-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இவை மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஒன்பது மாதத்துக்குள் 100-க்கு 51 பேருக்கு நோய் திரும்பியது. இவை குறைந்த வீடுகளில் 100-க்கு 13 பேருக்கே திரும்பியது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. பெற்றோர் திட்டியதால் இந்த நோய் வருவதில்லை. மூளையின் செயற்பாட்டில் ஏற்படும் கோளாறு அது. அதற்கு மருந்து தேவை. ஆனால் ஆறி வரும் புண்ணை மறுபடி மறுபடி உரசினால் என்ன ஆகுமோ, அதுவே ஆறி வரும் மனதுக்கும் ஆகிறது. பின்னர் சண்டிகரில் செய்த ஆய்வில், நம் நாட்டுக் குடும்பங்களில் இப்படிப்பட்ட குறைகூறல் லண்டனைவிட மிகவும் குறைவு என்று கண்டார்கள். நம்மவரிடம் பொறுமை இருக்கிறது. அதைச் சோர்ந்துபோகாமல் காப்பதே எங்கள் வேலை.

சோம்பல் அல்ல, நோய்

வார்டில் நாங்கள் அடிக்கடி காண்கிற ஒரு நிலையைச் சொல்லுகிறோம். இருபத்தைந்து வயது மகன். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையால் நின்றுவிட்டன. ஆனால் குளிப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை, பகலெல்லாம் படுத்திருக்கிறான். "தண்டச்சோறு" என்று தகப்பனார் திட்டுகிறார். தாயோ அவனுக்குச் சோறு ஊட்டிவிடுகிறார், வெளியே அனுப்பப் பயப்படுகிறார். இருவரும் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆயினும் அவன் மாதத்துக்கு மாதம் சுருங்கிப்போகிறான்.

இந்த உற்சாகமின்மையும் நோயின் அறிகுறிதான். குரல் கேட்பது நோய் என்று வீட்டார் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். படுத்திருப்பதை மட்டும் கொழுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று எண்ணும்போதுதான் கோபம் வருகிறது. கால் முறிந்தவனை "ஏன் ஓடவில்லை?" என்று யாரும் திட்டுவதில்லையே! மருத்துவர் அருகில் அமர்ந்து இதை விளக்கும்போது எத்தனையோ தகப்பன்மார் கண்கலங்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது வெறுப்பு அல்ல, அறியாமையே என்பது அப்போது தெரிகிறது.

வேதத்தில் யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்களே. வாயைத் திறந்து, இது உன் பாவத்தின் பலன் என்று நிரூபிக்கத் தொடங்கியபோதுதான் அவன் பாரத்தைக் கூட்டினார்கள்.

தங்கும் நாட்களில் நடப்பது என்ன?

கூட வந்தவர் முதலில் மாத்திரையின் பெயரையும் வேளையையும் கற்றுக்கொள்ளுகிறார். தேறிவிட்டது என்று நாமாகவே மருந்தை நிறுத்துவதால் நேரும் ஆபத்தையும் அறிகிறார். தூக்கம் குறைவது, தனியே பேசுவது, காரணமின்றிச் சந்தேகப்படுவது போன்றவை நோய் திரும்புவதன் முன்னறிவிப்பு. இவற்றைக் கண்டவுடன் அழைத்து வந்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே அடக்கிவிடலாம்.

அடுத்தது பேசக் கற்றுக்கொள்வது. நான்கு பேர் நான்கு பக்கமிருந்து புத்தி சொல்லாமல், ஒருவர் ஒரு காரியத்தை மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும். "நீ உருப்படமாட்டாய்" என்பதற்குப் பதில், "இன்றைக்குக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கொடு" என்று சொல்லலாம். செய்தால் மனதாரப் பாராட்ட வேண்டும். செய்யாவிட்டால் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

வாரந்தோறும் உறவினர் யாவரும் ஒன்றாக அமர்ந்து பேசுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் இதுவே மிகப் பெரிய மருந்து. ஊரில் யாரிடமும் வாய் திறவாத தாய், தன்னைப் போன்ற இன்னொரு தாயை இங்கேதான் முதல்முறை சந்திக்கிறார். வெட்கம் பாதி குறைந்துவிடுகிறது. பல வருடம் பராமரித்துக் களைத்தவருக்கே தூக்கமின்மையும் மனச்சோர்வும் இருப்பதையும் அங்கேதான் கண்டுபிடிக்கிறோம். அவருக்கும் சிகிச்சை தருகிறோம். எலியா சாகவேண்டுமென்று கேட்டபோது, தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளாமல் அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டதை 1 இராஜாக்கள் 19-ல் வாசிக்கிறோம். பராமரிக்கிறவருக்கும் அப்பமும் தூக்கமும் வேண்டும். கணக்கில் நீங்கள் கண்ட அந்தச் செலவு இதற்குத்தான்.

எல்லா வீடும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடியும் உதையும் உள்ள வீட்டுக்கு நோயாளியைப் "பொறுத்துப் போ" என்று அனுப்பிவைப்பது ஊழியமல்ல. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகே ஒப்புரவு.

உறவு அற்றுப்போனால்

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். தேசமே அதிர்ந்தது. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை எவ்விதத்திலும் அனுமதிப்பதில்லை. ஆனாலும் அந்தக் குடும்பங்களை நாம் எளிதில் நியாயந்தீர்க்கலாகாது. அக்கம்பக்கம் ஒதுக்கி, உறவினர் விலகி, எங்கே போவதென்று தெரியாதபோதுதான் மனிதர் சங்கிலியை எடுக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி உபவாசத்தில் உட்கார வைக்கும் ஜெபவீடுகள் நம் மத்தியிலும் உண்டல்லவா?

சபையார் செய்யக்கூடியவை

காய்ச்சல்காரரைப் பார்க்கப் பழத்தோடு போகிறோம்; மனநோய் உள்ள வீட்டுக்கும் அப்படியே போங்கள். விசுவாசக் குறைவு என்று சொல்லாதிருங்கள். ஜெபியுங்கள், மாத்திரையையும் விழுங்கச் சொல்லுங்கள். "ஒரு கலியாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆலோசனை கூறாதீர்கள். அதனால் இன்னொரு குடும்பத்தின் பெண்ணும் கண்ணீரில் தள்ளப்படுகிறாள். வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளியோடு நீங்கள் இருந்து, அந்தத் தாய் கடைக்கோ ஆராதனைக்கோ போய்வர உதவுங்கள். தேறியவருக்கு ஆலயத்தில் பாய் விரிக்க, பாட்டுப் புத்தகம் கொடுக்க ஒரு சிறு பொறுப்புக் கொடுங்கள். யாராவது சாவைப் பற்றிப் பேசினால் அதை அலட்சியம் செய்யாமல், தனியே விடாமல், உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை ஒரு தகப்பனின் பத்து நாள் சாப்பாடாகிறது. அந்தப் பத்து நாளில் அவர் தன் மகனோடு பேசக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் யார் வந்து உட்காருவார்கள் என்பது சபையின் கையில் இருக்கிறது.

ஜெபக் குறிப்புகள்: வார்டில் தங்கியிருக்கும் நோயாளருக்காகவும் அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள். வீட்டாரே வந்து பார்க்காத நோயாளரை விசேஷமாக நினைத்துக்கொள்ளுங்கள். இராக்கண் விழிக்கும் செவிலியருக்காகவும் மன்றாடுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் சமாதானத்தோடு காத்துக்கொள்வாராக.