யூரியாவின் குணமும் அதனைக் கையாளும் முறையும்

யூரியா காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு சேதனச் சேர்வையாகும். உயிர்களின் உடலில் மட்டுமே உண்டாகும் எனக் கருதப்பட்ட இப்பொருளை, 1828ஆம் ஆண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி வோலர் ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார். இக்காலத்தில் அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் மிகுந்த அமுக்கத்திலும் வெப்பத்திலும் சேர்த்து இதனைச் செய்கின்றனர். ஒட்டுப்பலகைப் பசைக்கும் மெலமைன் பாத்திரங்களுக்கும் இதுவே மூலப்பொருள். ஆயினும் இது பெரிதும் பயன்படுவது பசளையாகவே. நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இதிலுண்டு. 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் அடங்கும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. பசளையின் அருமையை அம்மாதங்கள் உணர்த்தின. எனவே ஒரு பிடியேனும் வீணாகலாகாது.

மண்ணில் நிகழ்வது

ஈர மண்ணில் யூரியா சில நாட்களில் அமோனியமாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாறும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் மேற்பரப்பில் தூவி விட்டால் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். நைத்திரேற்றோ நீருடன் கீழிறங்கும்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பகுதிகளில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரே கிணற்று நன்னீர். தோட்டத்தில் மிகையாக இட்ட பசளை சுண்ணக்கல் வெடிப்புகளினூடே இந்நீரையே சென்றடையும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்றுள்ள நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இடும் முறை

விதந்துரைத்த அளவை ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுக. மானாவாரி நெல்லுக்குக் களை பிடுங்கியபின், மண் ஈரமாக இருக்கையில் தூவுக. பெருமழை வரும் அறிகுறி இருப்பின் பிற்போடுக. மிளகாய், கத்தரி முதலியவற்றுக்குத் தண்டில் படாதவாறு சிறிது தள்ளி இட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் பாய்ச்சுக. குழையும் எருவும் தாழ்த்திய மண் பசளையைத் தாங்கி நிற்கும். கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் பசளையிடுதலைத் தவிர்க்க.

பாதுகாப்பு

யூரியா காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். ஆதலால் மூடைகளை நிலத்தில் வையாது பலகைமேல் அடுக்கி, வாயை இறுகக் கட்டுக. உப்பென்று மயங்காதபடி சமையற் பொருட்களிலிருந்து விலக்கி வைக்க. கண்ணில் பட்டால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவுக. கையாண்டபின் கைகளைக் கழுவுக.

மாடு, ஆடுகள் யூரியாவைத் தின்றாலோ அது கரைந்த நீரைக் குடித்தாலோ வயிற்றில் அமோனியா பெருகி, சிறிது நேரத்திலேயே இறக்கவுங்கூடும். வயிறு ஊதுதல், நடுக்கம், நுரை தள்ளல் என்பன அறிகுறிகள். உடனே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். பசளை கரைத்த வாளியில் கால்நடைக்கு நீர் வைத்தலும், வெறுஞ் சாக்கைக் கிணற்றடியில் அலசுதலும் ஒருபோதும் ஆகா.