பருவமழையில் வெடித்த பித்தளை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்தியாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினர், மழைக்காலம் முடியுமட்டும் தம் துப்பாக்கி ரவைகளைக் குதிரை லாயங்களிலே அடுக்கிவைப்பது வழக்கமாயிருந்தது. மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தபோதோ, ஒருமுறையேனும் சுடப்படாத ரவைகளின் பித்தளைக் கூடுகள், சன்னத்தைக் கவ்வி நிற்கும் கழுத்துப் பாகத்திலே தாமாகவே கீறல்விட்டுப் பிளந்து கிடந்தன. பருவத்தையே குற்றவாளியாக்கிப் ‘பருவ வெடிப்பு’ என்று அதற்குப் பெயருமிட்டார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வினாலேதான் காரணம் நன்கு தெளிவாயிற்று: குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, மழைக்காலத்து ஈரம், செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடியே அக்கேட்டை விளைத்தன.

அந்த இறுக்கம் எவ்வாறு உண்டாகிறது? நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்த பித்தளைத் தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லையை வெட்டி, அதனைக் கிண்ணமாகக் குழித்து, அக்கிண்ணத்தைப் பலமுறை இழுத்து நீட்டியே கூட்டை உருவாக்குகின்றனர்; ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் கடினப்படுவதால், இடையிடையே சூடேற்றி அதனை இளக்க வேண்டியிருக்கிறது. இறுதியில் எஞ்சும் இறுக்கத்தை, கடினம் குன்றாவண்ணம் 250 முதல் 300 பாகை வரையிலான மிதமான சூட்டினால் தணித்துவிடலாமென்பதே அவ்வாய்வின் பெரும்பயன்.

ரவைக்கூட்டின் ஆயுளைப் பற்றி இன்று மிகுந்த கவலை கொள்பவர்கள் படையினரல்லர். சுட்ட கூட்டையே எடுத்து, புதிய தீப்பொறி மூடியும் மருந்தும் சன்னமும் இட்டுத் தம் கையாலேயே மீண்டும் நிரப்புகின்ற அமெரிக்க, ஐரோப்பிய இலக்குச் சுடுநர்களும் வேட்டைக்காரருமே. (அனுமதிப்பத்திரமின்றித் துவக்கோ வெடிமருந்தோ வைத்திருக்க நம் நாட்டுச் சட்டம் இடங்கொடாது, ஆதலின் இவ்விநோதம் கொழும்பு வாசகருக்குக் கேள்வி ஞானமாகவே இருக்கட்டும்.) ரவையின் உறுப்புகளுள் விலைமிக்கது கூடு என்பதனாலேயே இத்தனை சிரத்தை.

சுடும் கணத்தில், ஏறக்குறைய 3,000 முதல் 4,000 வளிமண்டல அழுத்தத்துக்கு உட்பட்டு, கூடு துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிப் புடைத்து வாயுவை அடைத்து நிற்கிறது. பின்னர் சற்றே சுருங்குவதால்தான் அதனை வெளியே இழுத்தெடுக்க முடிகிறது. புடைத்ததை அச்சிலிட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, அதுவும் மற்றுமொரு வேலையாகி, கழுத்து மேலும் கடினப்பட்டுக் கடைசியில் பிளக்கிறது. கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்கினால் ஆயுள் நீளும். ஆனால் அச்சூடு அடிப்பாகத்தை எட்டி அதனை மென்மையாக்கிவிடுமாயின், அழுத்தத்தைத் தாங்காமல் அது சுடுபவரின் முகத்துக்கே ஆபத்தாய் முடியும். 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட .220 ஸ்விப்ட் என்னும் ரவை, சன்னத்தை விநாடிக்கு 1,200 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்துவது. இதில் பித்தளையே கொஞ்சங் கொஞ்சமாகக் கழுத்தை நோக்கி நகர்ந்து கூட்டை நீட்டிவிடுவதால், நீண்டதை அவ்வப்போது வெட்டிக் குறைக்க வேண்டும்.

இலங்கைப் படையினரும் நெடுங்காலம் ஏந்திய .303 லீ-என்பீல்ட் துப்பாக்கியோ கூட்டின் ஆயுளுக்குப் பரம சத்துரு. சேறும் மணலும் புகுந்தாலும் ரவை தடையின்றி உள்நுழைய வேண்டுமென்று அதன் அறையைத் தாராளமாகக் குடைந்திருந்ததோடு, அறையை மூடும் தாழைப் பூட்டுகின்ற புடைப்புகளையும் அத்தாழின் பின்புறத்திலேயே அமைத்திருந்தனர். ஆகவே சுடுந்தோறும் கூடு அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இழுபட்டு மெலிந்து, சில முறைகளிலேயே இரண்டாக அறுந்துபோகும். படைவீரன் ஒருமுறை சுட்டு எறிபவன். அவனுக்கு இதனால் நட்டமில்லை. கையால் நிரப்புபவரோ, நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டினுள் விட்டுச் சுவரை மெல்லத் தடவிப் பார்க்கிறார். அடிப்பாகத்தருகே கம்பி ஒரு பள்ளத்தில் தடுக்குமாயின் அக்கூட்டைக் குப்பையில் சேர்த்துவிடுகிறார். உடலை அமுக்காது கழுத்தை மட்டும் அளவாக்கினால், கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்கே பொருந்தி நிற்பதால், இழுபடுதல் பெரிதும் குறைகிறது.

துலக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றிலே கறுத்த குத்துவிளக்கைத் துலக்கக் கடையில் வாங்கும் மினுக்குத் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. விளக்கு தடித்த வார்ப்பு வேலையாதலால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய சுவரும் உள்ளிறுக்கமும் உடைய ரவைக்கூட்டுக்கோ அமோனியா ஆகாதென்று, கையால் நிரப்புபவர்கள் அத்திரவங்களைத் தொடுவதில்லை. தேசிக்காயின் புளிப்பான சித்திரிக் அமிலத்தை நீரில் மிகச் சிறிதளவு கரைத்து அதிலே கழுவுகின்றனர். கொட்டாஞ்சேனைப் பாட்டிமாரின் பழம்புளியும் இவ்வினத்ததே. ஆயினும் நெடுநேரம் ஊறவிட்டால், மேற்பரப்பிலிருந்து நாகம் கரைந்து செம்பு எஞ்சி, பித்தளை இளஞ்சிவப்பாய்த் தோன்றும்; ஆதலின் சில நிமிடங்களோடு நிறுத்தி, நல்ல நீரில் அலசி, ஈரம் அறவே உலர்த்தி எடுக்கின்றனர்.