வாசலுக்கு வந்த ஆலயம்

2020 ஏப்ரல் 12 உயிர்த்த ஞாயிறு. கொவிட் தொற்றினால் நாடு முழுவதும் ஆலயங்கள் பூட்டியிருந்தன. கல்முனையில் எங்கள் ஆலய மணியும் ஒலிக்கவில்லை. எண்பது வயதைக் கடந்த என் கணவரின் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இண்டைக்கு ஆராதனை இல்லை மாமி" என்றேன்.

"தெரியும் மகள். ஆனாலும் இந்த நாளில படுத்துக் கிடக்க மனம் வரல்ல" என்றார்.

அப்போது என்னிடம் இருந்தது பட்டன் போன். பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராத்தாவின் மகள் படிப்புக்காக ஸ்மார்ட் போன் வைத்திருந்தாள். காலையில் அவள் மதிலடிக்கு வந்து, "டீச்சர், உங்கட சேர்ச் ஆராதனை இதில போகுது. பெத்தா பார்க்கட்டும். முடிஞ்சாப்போல வாங்கிக்கிறன்" என்று சொல்லி, போனை மதில்மேல் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். மாமியின் கதிரையை மதிலடிக்கு இழுத்துப் போட்டோம். போதகர் வெறும் வாங்குகளுக்கு முன்னால் நின்று ஜெபிப்பதை மாமி கண்ணெடுக்காமல் பார்த்தார். பாட்டு வந்தபோது அவரும் பாடினார்.

அந்த நாட்களில் பள்ளிவாசல்களும் பூட்டியே கிடந்தன. ஜும்ஆ இல்லை. ராத்தாவின் வீட்டாரும் வீட்டிலேயே தொழுதார்கள். அவர்களின் கஷ்டம் எங்களுக்கும் எங்களின் கஷ்டம் அவர்களுக்கும் அந்த மாதத்தில் நன்றாகவே விளங்கியது.

இணையம் எங்களைப் போன்ற கிறிஸ்தவப் பெண்களின் வாழ்க்கையில் என்ன செய்திருக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதிலும் செங்கல்லும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

கடிதமும் வானொலியும்

கிழக்கிலங்கையில் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கியவர் வில்லியம் ஓல்ட். அவர் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் கடலிலேயே மனைவியை இழந்தவர் அவர். அடுத்த ஆண்டே, 1815 இல், அவரும் மட்டக்களப்பில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் கப்பலில் ஊர் போய்ச் சேர மாதக்கணக்காகும். மனைவி இறந்த துக்கத்தைச் சொல்லி ஒரு ஆறுதல் வார்த்தை பெறுவதற்குக்கூட அவர் எவ்வளவு காலம் காத்திருந்திருப்பார்!

யுத்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் காத்திருந்தோம். 1990 இல் கல்முனைப் பகுதியிலிருந்து சிதறிப்போன குடும்பங்கள் எத்தனை! யார் எந்த முகாமில், யார் உயிரோடு என்று அறிய ஒருவரிடம் ஒருவர் கேட்டு அலைந்தோம். செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து கொடுத்த சிறு தாள்களில் நாலு வரி வந்தால் அதுவே பெரிய செய்தி. பின்னர் கொமினிகேஷன் கடைகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து தம்பி இத்தனை மணிக்கு எடுப்பான் என்று சொன்னால், அந்தக் கடையின் வாங்கில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம்.

விசுவாச வாழ்வுக்கு வானொலி துணையாக இருந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து 1969 இல் தொடங்கிய ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். பற்றரி தீர்ந்துவிடும் என்று செய்திக்கும் அதற்கும் மட்டுமே வானொலியைப் போடுவார்கள். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018 இல் நிறுத்தப்பட்டு, நிகழ்ச்சிகள் இணையத்துக்கு மாறின. வானொலிப் பெட்டியோடு பழகிய முதியவர்களுக்கு அது ஒரு இழப்பு. பேரப்பிள்ளைகளின் போன் இருந்தவர்கள் தொடர்ந்து கேட்டார்கள். இல்லாதவர்களுக்கு அது அத்தோடு நின்றுபோனது.

வீட்டுக்குள் ஆராதனை

2020 இல் உலகமெங்கும் இதே நிலைதான். மார்ச் 27 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் தனியாக நின்று ஜெபித்ததைக் கோடிக்கணக்கானோர் திரையில் பார்த்தார்கள். எங்கள் ஊரில் கத்தோலிக்க அயலவர்கள் திருப்பலியைத் தொலைக்காட்சியிலும் யூடியூப்பிலும் பார்த்தார்கள். நற்கருணை வாங்க முடியாததால் ஆன்மீக நற்கருணை ஜெபம் சொன்னார்கள். எங்கள் மாதர் சங்கம் வட்ஸ்அப்பில் கூடியது. நானும் அடுத்த ஆண்டு ஒரு பழைய ஸ்மார்ட் போனை வாங்கி அதில் சேர்ந்தேன்.

சிரிப்பான விடயங்களும் நடந்தன. ஸூமில் எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒருவர் முதல் அடியிலும் மற்றவர் மூன்றாம் அடியிலும் நிற்பார்கள். பிறகு ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் சத்தத்தை மூடிவிட்டுத் தங்கள் வீட்டில் பாடுவது என்று ஒழுங்கு செய்தோம். ஒரு அக்கா ஜெபத்தின் நடுவே கோழியைத் துரத்தியது முழுச் சங்கத்துக்கும் கேட்டது.

நன்மைகள் உண்மையானவை. படிக்கத் தெரியாத, அல்லது கண்பார்வை மங்கிய முதியவர்கள் இப்போது வேதாகமத்தைக் காதால் கேட்கிறார்கள். தமிழில் வாசித்துக் காட்டும் வசதி போனிலேயே உண்டு. எங்கள் மாமி தன் கடைசிக் காலத்தில் சங்கீதங்களை அப்படித்தான் கேட்டார். சவூதியில் வீட்டு வேலை செய்யும் எங்கள் சபைப் பெண் ஒருத்திக்கு அங்கே போக ஆலயம் கிடையாது. வேலை முடிந்து இரவில், நாங்கள் அனுப்பும் ஐந்து நிமிட ஜெபக் குரல்பதிவைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். "என் பேரைச் சொல்லி ஜெபிக்கிறது கேட்டா, ஊரில இருக்கிற மாதிரி இருக்கு" என்று அவள் அனுப்பிய பதில் எங்கள் எல்லோரையும் அழவைத்தது.

அன்றாட வாழ்வில்

ஜெபத்துக்கு மட்டுமல்ல. பாடசாலை பூட்டியிருந்த காலத்தில் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில்தான் பாடங்களை அனுப்பினார்கள். ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறிமாறிப் பார்த்த வீடுகள் உண்டு. போனே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் முன்பள்ளி வாசலில் நானே பாடங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மருதமுனையின் கைத்தறிச் சேலைகளைப் படம் எடுத்துப் போட்டு வெளியூருக்கு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கணவனை யுத்தத்தில் இழந்த எங்கள் சபைச் சகோதரி ஒருவர் நத்தார் காலத்தில் கேக், பலகாரம் எல்லாவற்றுக்கும் போனிலேயே ஓடர் எடுக்கிறார். நெனசல அறிவகங்கள் 2000 களில் வந்தபோதுதான் எங்களில் சிலர் முதன்முதலாகக் கணனியைத் தொட்டோம். இன்று அந்தக் கணனி செய்த வேலையை ஒரு போன் செய்கிறது.

ஆனால் இது எல்லோருக்கும் எட்டும் வசதி அல்ல. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்தபோது போனும் இருளில்தான் கிடந்தது. ரீலோட் போடுவதா, பால்மா வாங்குவதா என்று எண்ணிய தாய்மாரை எனக்குத் தெரியும். ஆராதனை இணையத்தில் இருக்கிறது என்பதற்காக, போன் இல்லாதவர்களைச் சபை மறந்துவிடக் கூடாது.

2019 இல் கற்ற பாடம்

இனி நான் சொல்வது கசப்பான விடயம்.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ பரவியது. சிங்களம் சரியாக விளங்காத ஒருவரை மடக்கி, தலையாட்ட வைத்து எடுத்த வீடியோ அது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. உண்மை வெளிவர நாட்கள் ஆயின. பொய்க்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் குண்டுத் தாக்குதலில் இறந்தார்கள். நாடு முழுவதும் 250 க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் அரசாங்கத்தால் தடை செய்யப்பட்டு, 30 ஆம் திகதிதான் திறக்கப்பட்டன. மட்டக்களப்பில் இருக்கும் என் தங்கையின் குரலைச் சாதாரண அழைப்பில் கேட்க மாலைவரை முயன்றேன். அவள் எடுத்ததும் இருவரும் பேசவில்லை, அழுதோம்.

26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சத்தமும் வெடிச்சத்தமும் கேட்டன. அங்கே ஒளிந்திருந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. ஆனால் அந்த நாட்களில் எத்தனை பேர் அதை நினைத்துப் பார்த்தோம்? ஊரடங்குச் சட்டம். ராத்தாவின் வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் மூடியே இருந்தன. இருபது வருடமாகப் பேசிய மதிலடியில் மூன்று நாட்கள் யாரும் பேசவில்லை. எனக்குப் பயம். அவருக்கு என்னைவிடப் பயம். நான்காம் நாள் ராத்தாதான் வந்தார். "டீச்சர், உங்கட தங்கச்சிட வீட்டார் சுகமா?" என்று கேட்டார். அதற்குமேல் அவராலும் பேச முடியவில்லை.

தடை நீங்கியதும் என் உறவினர்களின் குழுக்களில் என்னென்னவோ வந்தன. குடிநீரில் நஞ்சு, இன்ன கடையில் ஆயுதம், இன்னாரோடு பேசாதே. மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் எழுதிய ஒரு ஆங்கில வரியைப் பிழையாக விளங்கிக்கொண்டு கலவரம் தொடங்கியது. சிலாபம் எங்கள் சொந்த விசுவாசிகள் நிறைந்த ஊர். சிலுவையைக் கழுத்தில் போட்டிருக்கும் நாம் ஒரு பொய்யை மற்றவருக்கு அனுப்பினால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. இதை மாதர் சங்கத்தில் சொன்னபோது எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட பிள்ளைகள் செத்திருக்குது, நீங்க அவங்களுக்காகப் பேசுறீங்க" என்று ஒரு தாய் கோபப்பட்டார். அவருடைய கோபத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தனிமையைத் தேடி வரும் மோசடி

யுத்தத்தில் கணவனை இழந்த பெண்ணின் இரவுகள் நீளமானவை. அந்த நேரத்தில் போனில் "சகோதரி, உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று ஒரு செய்தி வந்தால் மனம் இளகும். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, வெளிநாட்டுப் போதகர் என்று சொன்ன ஒருவன் மாதக்கணக்காக வேதவசனம் அனுப்பினான். பிறகு பரிசுப் பொதி அனுப்பியிருப்பதாகவும், அது சுங்கத்தில் நிற்பதாகவும், பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னான். அந்தச் சகோதரி காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். பொதியும் இல்லை, போதகரும் இல்லை. பணத்தைவிட வெட்கம்தான் அவரை வருத்தியது. ஆறு மாதம் ஆலயத்துக்கே வரவில்லை.

அவர் மீது குற்றம் இல்லை. ஏமாற்றியவன்தான் குற்றவாளி. இதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அதோடு சில விடயங்களையும் மனதில் வைத்துக்கொள்வோம்:

- தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடும்படி சுங்கத் திணைக்களம் போனில் கேட்பதில்லை.
- வட்ஸ்அப்புக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை, போதகர் பெயரில் கேட்டாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உங்கள் பெயரில் மற்றவர்களிடம் பணம் கேட்பார்கள்.
- காணிக்கை, உதவி என்று செய்தி வந்தால், அந்த நபரின் பழைய இலக்கத்துக்கு அழைத்து, குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும்.
- படத்தை வைத்து யாராவது மிரட்டினால் தனியே அழ வேண்டாம். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கலாம்.
- ஒரு ஊரையோ சமயத்தையோ பழிக்கும் செய்தி வந்தால், அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்க ஒருவரும் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

கடைசியாகச் சொன்னதை எங்கள் மாதர் சங்கக் குழுவின் முதல் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோம். அன்று என்மேல் கோபப்பட்ட அந்தத் தாயும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

மதிலடியில்

ஆலயங்கள் திறந்து பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக ஞாயிறு ஆராதனையை இன்றும் போனில் அனுப்புகிறோம். அதோடு நின்றுவிடுவதில்லை. மாதத்தில் ஒரு தடவையாவது இருவர் அந்த வீட்டுக்கு நேரில் போகிறோம். போன் பாட்டைக் கொண்டுபோகும். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் தலையணையைத் திருப்பிப் போடவும் ஆள்தான் போக வேண்டும்.

மாமி 2023 இல் காலமானார். செய்தியை வட்ஸ்அப்பில் போட்டேன். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுதாபங்கள் வந்தபடி இருந்தன. அடக்க ஆராதனையை அவர்கள் எல்லோரும் நேரலையில் பார்த்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்துக்கு நான் செய்தி அனுப்பத் தேவை இருக்கவில்லை. அழுகுரல் கேட்டதுமே ராத்தா வந்துவிட்டார். அவர் மகள் பின்னால் ஒரு கேத்தல் தேநீருடன் வந்தாள். பெத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நேரலை போய்க்கொண்டிருந்த போனை என் கையிலிருந்து வாங்கி, "நீங்க பக்கத்தில இருங்க டீச்சர், நான் பிடிச்சிருக்கிறன்" என்றாள்.