வகுப்பறைக்கும் காற்று வேண்டும்

1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கம் மிகுந்த பேட்டைப் பகுதியை விட்டுப் பலர் காற்றோட்டமுள்ள மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும் குடியேறினர். அன்று பெரியோர் கற்ற பாடம் நம் பிள்ளைகள் பயிலும் வகுப்பறைகள் பலவற்றை இன்னும் எட்டவில்லை.

வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குக் கரியமில வாயு ஏறத்தாழ 420 பங்கு. சாளரங்களை அடைத்த அறையில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்தால் அது விரைவில் 1,000ஐத் தாண்டும். தலை கனக்கும், கண் செருகும், ஒருவர் சளி மற்றவரைப் பற்றும். அத்தகைய அறையில் உறங்கும் பிள்ளையை மந்தன் என்று கடிவது முறையாகுமா?

எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தால் காற்று ஓடும். இந்நகரின் மிதமான தட்பவெப்பம் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு இடந்தரும். வண்டிப்புகை மிகும் வேளையில் சாலைப்பக்கத்தை அடைத்து, முற்றப்பக்கத்தைத் திறக்கலாம். பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும் அன்பர்கள் மதிப்பெண்ணோடு இதனையும் ஆசிரியரிடம் பேசுவார்களாக.